பந்தயத்துக்கும் வாடகைக்கும் ஒரே வண்டி

விழுப்புரம் ரயில்வே ஸ்டேஷனுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை. உச்சி வெயில். கொட்டகைக்குள் இரண்டு கார்கள் நின்றன.

ஒன்று வெள்ளை அம்பாசிடர். அதில் முகம் பார்த்துத் தலை வாரிக்கொள்ளலாம், அப்படி ஒரு பளபளப்பு. இன்னொன்று பத்மினி. புளி கரைத்த தண்ணீரின் நிறம். பின்கதவு ஒன்று தானாகத் திறந்துகொள்ளாமல் இருக்கக் கயிறு கட்டியிருந்தது.

அம்பாசிடரின் பானெட்டுக்குள் தலையை விட்டு இன்ஜின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தான் என் நண்பன் ஏழுமலை. பக்கத்தில் கார் புரோக்கர் மணவாளன், வெற்றிலையை ஒரு கன்னத்தில் அடக்கிக்கொண்டு சிரித்த முகமாக நின்றார்.

"டாக்டர் வண்டிப்பா. சிங்கிள் ஓனரு. வீட்டுலேர்ந்து ஆஸ்பத்திரி, ஆஸ்பத்திரிலேர்ந்து வீடு. வேற எங்கியும் போனது கெடையாது. ஒரு கீறல் காட்டு, நான் இந்தத் தொழிலை வுட்டுர்றேன்" என்றார்.

நான் வண்டிக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தேன். எனக்குக் காரைப் பற்றி அவ்வளவாகத் தெரியாது. நம்பர் பிளேட்டைப் பற்றித் தெரியும். திண்டிவனத்தில் செஞ்சி ரோட்டு முனையில் போர்டு எழுதும் கடை வைத்திருந்தேன். கடைப் பெயர்ப் பலகை, லாரியின் நெற்றியில் சாமி பெயர், வண்டிகளுக்கு நம்பர். அதுதான் பிழைப்பு.

அந்த அம்பாசிடரின் பிளேட்டில் கடைசி எண் இரண்டு. இரண்டை எழுதும்போது கழுத்தைக் கொஞ்சம் நீட்டி, அடிக்கோட்டை லேசாக மேலே தூக்கி விடுவேன். யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. கை அப்படிப் பழகிவிட்டது. பார்த்த உடனே தெரிந்தது, அது என் கை எழுதிய எண்.

எங்கே எழுதினேன் என்பதும் நினைவுக்கு வந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்னால், இதே விழுப்புரத்தில் ஒரு டிங்கர் ஷெட்டில். அன்று இந்த வண்டிக்கு முகமே இல்லை. கண்டமங்கலத்துக்குப் பக்கத்தில் ஒரு மதகுச் சுவரில் மோதி, லாரியில் கட்டி இழுத்து வந்திருந்தார்கள். புது பிளேட் எழுதத்தான் என்னைக் கூப்பிட்டார்கள். அப்போது அந்த டிங்கர் தகரத்தைத் தட்டிக்கொண்டே சொன்னார்: "மேல எல்லாம் அழகு பண்ணிடலாம்பா. அடிப்பக்கம் முறுக்கிக்கிச்சு. இனிமே முன்சக்கரம் ஒரு தடத்துல போவும், பின்சக்கரம் ஒரு தடத்துல போவும்."

வெள்ளை அம்பாசிடர்கள் எல்லாம் ஒரே மாதிரி இருக்கும். பிளேட் இல்லையென்றால் எனக்கும் தெரிந்திருக்காது.

இதை நான் ஏழுமலையிடம் சொல்ல வேண்டும். அவ்வளவுதான் வேலை. ஆனால் மணவாளன் எனக்கு வாரா வாரம் நம்பர் எழுதும் வேலை கொடுக்கிறவர். அதைவிடப் பெரிய தடை ஒன்று இருந்தது. மூன்றாவது ஆள் நின்றால் எனக்குப் பேச்சு வராது.

பேச்சு வராதவன்

இந்தத் தொடரைப் படிக்கிறவர்களில் சிலர், "இவ்வளவு எழுதுகிறீர்களே, நேரிலும் இப்படித்தான் பேசுவீர்களா?" என்று கேட்டுக் கடிதம் போட்டிருந்தார்கள். இல்லை. எழுதும்போது எதிரில் யாரும் இல்லை, அதனால் எழுதுகிறேன்.

பெண் பார்க்கப் போன இடத்தில் என் பெயரைக் கேட்டார்கள். நான் தொண்டையைச் செருமிக்கொண்டிருக்கும்போதே என் அக்கா, "கோதண்டம்ங்க, எஸ்.எஸ்.எல்.சி. பாஸ்ங்க" என்று சொல்லிவிட்டாள். அதற்குப் பிறகு கேட்ட எல்லாக் கேள்விக்கும் அவளே பதில் சொன்னாள். கல்யாணமாகி மூன்றாம் நாள் என் மனைவி, "உங்களுக்குப் பேச வரும்ன்றதே எனக்கு இன்னிக்குத்தான் தெரியும்" என்றாள்.

ஏழுமலை எனக்கு நேர் எதிர். எங்கள் தெருக்காரன், என் வயதுதான். பம்பாய் லாரி ஓட்டிக்கொண்டிருந்தான். போனால் இருபது நாள், வந்தால் இரண்டு நாள். ஒரு தடவை அப்படி வந்து வாசலில் நின்றபோது மூன்று வயது மகள் அம்மாவின் புடவைக்குள் ஒளிந்துகொண்டு, "யாரும்மா அது?" என்று கேட்டிருக்கிறாள். அடுத்த லோடுக்கு அவன் போகவில்லை. திண்டிவனம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இருந்த டாக்சி ஸ்டாண்டில், வேறு ஒருவருடைய காரை ஓட்ட ஆரம்பித்தான்.

சொந்தமாக ஒரு வண்டி வேண்டும் என்பது அப்போதிருந்தே அவன் கனவு. அந்தக் கனவுக்குள் இன்னொன்று எப்படிப் புகுந்தது என்பதைச் சொல்கிறேன்.

நிற்கிறவன் ஜெயிக்கும் பந்தயம்

ஒரு நாள் ஒலக்கூரில் ஒரு ரேஷன் கடைக்குப் பலகை மாட்டப் போயிருந்தேன். ஏழுமலையும் சவாரி இல்லாததால் கூட வந்திருந்தான். ரோட்டோரத்தில் ஒரு மேசை, ஒரு குடை, மேசை மேல் ஒரு பெரிய கடிகாரம். தொப்பி போட்ட இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். மெட்ராஸிலிருந்து கார் பந்தயம் வருகிறது என்றார்கள். மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பிடுங்கிக்கொண்டிருந்த ஆட்கள் எல்லாம் கையைத் தட்டிக்கொண்டு வரப்பேறி வந்துவிட்டார்கள்.

கார்கள் வந்தன. வந்து, மேசைக்கு ஒரு பர்லாங் முன்னாலேயே ஓரம் கட்டி நின்றுவிட்டன. ஓட்டினவர்கள் கையில் வாட்ச்சைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தார்கள். ஒருத்தர் வாழைப்பழம் தின்றார்.

"இன்னாடா இது, பந்தயம்ன்றானுங்க, ஒருத்தனும் ஓட மாட்றான். எல்லாம் நின்னுக்கினு கெடக்கறானுங்க" என்றார் ஒரு விவசாயி.

"வண்டி பேஜாரு பண்ணுதோ இன்னாவோ."

"எல்லா வண்டியுமாடா ஒரே நேரத்துல பேஜாரு பண்ணும்?"

ஏழுமலை நேராகப் போய், தொப்பிக்காரரிடம் கேட்டான். அவர் பொறுமையாகச் சொன்னார். இது முந்துகிற பந்தயம் இல்லை. இந்த ரோட்டில் இந்த வேகத்தில் போக வேண்டும், இந்த இடத்துக்கு இத்தனை மணி, இத்தனை நிமிஷத்துக்கு வர வேண்டும் என்று ஒரு தாள் கொடுத்துவிடுவார்கள். லேட்டாக வந்தால் நிமிஷத்துக்கு ஒரு புள்ளி போகும். முன்னாடி வந்தால் இரண்டு புள்ளி போகும். சில மேசைகள் தாளிலேயே இருக்கும். சில மேசைகள் சொல்லாமல் திடீரென்று எதிர்ப்படும். வண்டிக்கு இரண்டு பேர். ஒருவர் ஓட்டுவார், ஒருவர் மீட்டரையும் வாட்ச்சையும் பார்த்துக் கணக்குச் சொல்வார்.

திரும்பி வரும் வழியில் ஏழுமலை என் தோளைத் தட்டிச் சொன்னான்.

"டேய், ரயில புடிக்கணும், முகூர்த்தத்த புடிக்கணும்னு தெனம் நான் ஓட்டறது இன்னா ஓட்டம்? இதேதாண்டா அது."

சில மாதங்கள் கழித்துப் பாண்டிச்சேரியில் ஒரு கிளப் இதே மாதிரி ஒரு பந்தயம் நடத்தப்போவதாகச் செய்தி வந்தது. பெரிய ஆட்களுக்கு இல்லை, முதல் தடவை ஓட்டுகிறவர்களுக்கு. கண்டமங்கலம், விழுப்புரம், திருவாமாத்தூர், திண்டிவனம் என்று ஒரு சுற்று சுற்றி மறுபடி பாண்டிச்சேரி. சொந்த வண்டி இருந்தால் யாரும் சேரலாம்.

ஏழுமலையின் மனைவி அஞ்சலை அரிசி மில்லுக்கு வேலைக்குப் போகிறவள். வண்டி வாங்க அவளுடைய நகைதான் முதல். அதைக் கழற்றிக் கொடுத்தபோது அவள் சொன்னதற்கு நான் சாட்சி.

"ஞாயித்துக்கெழம நீ எங்க வேணா ஓடு. திங்கக்கெழம காலைல ஆறு மணிக்கு வண்டி ஸ்டாண்டுல நிக்கணும். நின்னா மட்டும் பத்தாது, ஆளு ஏறணும். ஏறலன்னா வண்டிய வித்துட்டு மறுபடி பம்பாய் லாரிக்கே போயிடு. எனக்கு வேற வழி தெரியல."

கணக்குச் சொல்ல ஆள் வேண்டுமே என்றபோது ஏழுமலை என்னைக் காட்டினான். "ஆறடி பலகைல பதினெட்டு எழுத்த அளந்து அடக்கறான் பாரு, அதே கணக்குதான் இது."

நான் தலையாட்டினேன். கணக்கைக் கண்டு எனக்குப் பயமில்லை. அதை வாய் திறந்து சொல்ல வேண்டும் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

ஒரு வாளித் தண்ணீர்

மறுபடி விழுப்புரம் கொட்டகைக்கு வருகிறேன்.

ஏழுமலை காதால் வண்டி வாங்குகிறவன். இன்ஜின் சத்தம் அவனுக்குப் பிடித்துப்போய்விட்டது. "நல்லாத்தான் பாடுது" என்றான். மணவாளன் தானே ஸ்டியரிங்கில் உட்கார்ந்து எங்களை ஒரு சுற்று அழைத்துப் போனார். மார்க்கெட் தெரு வழியாக, சைக்கிளுக்கும் மாட்டு வண்டிக்கும் நடுவில் நெளிந்து நெளிந்து. நேராக ஐம்பது அடி ஓட இடமில்லாத தெரு அது. அதைத்தான் அவர் தேர்ந்தெடுத்திருந்தார் என்று எனக்கு இப்போது தோன்றுகிறது.

திரும்பி வந்ததும் எனக்கு ஒரு யோசனை வந்தது. சொல்லத்தான் முடியாது, காட்டலாமே. கொட்டகை வாசலில் கார் கழுவும் வாளி இருந்தது, நிறையத் தண்ணீரோடு. தரையை ஈரமாக்கிவிட்டால், வண்டி அதன் மேல் போகும்போது முன்சக்கரத் தடமும் பின்சக்கரத் தடமும் தனித்தனியாக விழும். ஏழுமலை தானே பார்த்துக்கொள்வான்.

தடுக்கி விழுகிறவன் மாதிரி வாளியை உதைத்தேன்.

"கண்ண எங்கடா வச்சிக்கினு நடக்கற?" என்றான் ஏழுமலை. அவன் பேண்ட் முழங்கால் வரைக்கும் நனைந்துவிட்டது.

மணவாளன், "வுடு வுடு, பெயிண்டரு வெயில்ல கெறங்கிட்டாரு" என்று சொல்லி எனக்கு ஒரு சோடா வரவழைத்தார். சோடாவை நான் குடித்து முடிப்பதற்குள் சித்திரை மாத மண் அவ்வளவு தண்ணீரையும் உறிஞ்சிவிட்டது. தடம் விழ ஒரு சொட்டு ஈரம் மிச்சமில்லை.

ஏழுமலை சட்டைக்குள்ளிருந்து மஞ்சள் பையை எடுத்தான். அட்வான்ஸ் கொடுக்கப்போகிறான். அந்தப் பையைப் பார்த்ததும் அஞ்சலை காதைத் தடவிக்கொண்டே கம்மலைக் கழற்றியது நினைவுக்கு வந்தது.

"இந்த நம்பர் நான் எழுதினது" என்றேன்.

இரண்டு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ மாதிரி இருந்தது.

"ஆமா, ஊர்ல பாதி வண்டிக்கு நீதான எழுதுற" என்றார் மணவாளன்.

"டிங்கர் ஷெட்ல எழுதினேன்ணே. கண்டமங்கலத்தாண்ட மதகுல மோதி, கட்டி இழுத்துக்கினு வந்தாங்க. அடி முறுக்கிக்கிச்சுன்னு டிங்கரே சொன்னாரு."

மணவாளன் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார். கோபப்படவில்லை. "பெயிண்டருக்கு இன்னிக்குத்தான் வாயி வந்துக்குது" என்று சிரித்தார்.

ஏழுமலை சிரிக்கவில்லை. "சாவி குடுண்ணே. மெயின் ரோட்டுல நான் ஒரு தபா ஓட்டிப் பாக்கறேன்."

"பெட்ரோல் இல்லியேப்பா."

"நான் போட்டுக்கறேன்."

"அது இன்னொரு நாளு பாத்துக்கலாம்."

ஏழுமலை மஞ்சள் பையை உள்ளே வைத்தான். என் பக்கம் திரும்பினான்.

"ரெண்டு மணி நேரமா பக்கத்துலியே குந்திக்கினு இருந்தியே, அப்பவே சொல்றதுக்கு இன்னாடா? என் பேண்ட நனைக்கறதுக்கா வந்த?"

காலி சோடா பாட்டிலைக் கீழே வைத்தேன். அன்றைக்கு வேண்டியதைப் பேசி முடித்தாகிவிட்டது.

கல்லும் எண்ணும்

மிச்சமிருந்தது பத்மினி. ஓய்வு பெற்ற ஒரு தலைமையாசிரியருடையது. மணவாளனுக்கே அதில் அவ்வளவு அக்கறை இல்லை. "ஓட்டிப் பாருங்க, பெட்ரோல் இருக்குது" என்று சாவியைக் கொடுத்தார்.

ஏழுமலைக்கு மனசே இல்லை. "இதுல ஒரு மாப்ளைய ஏத்திக்கினு போவ முடியுமா? கயிறு கட்டின கதவு, இது இன்னா மாட்டுக் கொட்டாயா?" என்று சொல்லிக்கொண்டே ஏறினான். பாண்டிச்சேரி ரோட்டில் ஓட்டிப் போனோம்.

நான் வழக்கம்போல எண்களைப் பார்த்துக்கொண்டு வந்தேன். வெளியே கிலோமீட்டர் கல்லில் ஓர் எண், உள்ளே மீட்டரில் ஓர் எண். முதல் கல்லைக் கடக்கும்போது மீட்டரில் கடைசி எண் புரண்டு அடுத்தது வந்தது. தற்செயல் என்று நினைத்தேன். இரண்டாவது கல், அதே மாதிரி. மூன்றாவது கல். நான் முன்னால் நகர்ந்து உட்கார்ந்துகொண்டேன். கல் ஜன்னலைத் தாண்டுவதும் எண் புரள்வதும் ஒன்றாக நடந்தன. கண்டமங்கலம் வரை ஒரு கல்கூடப் பிசகவில்லை.

பழைய கார்களில் மீட்டர் வேலை செய்வதே அபூர்வம். விற்கிறவர்கள் முதலில் அதன் கேபிளைத்தான் கழற்றிவிடுவார்கள், வண்டி கொஞ்சம்தான் ஓடியது என்று காட்டுவதற்காக. அம்பாசிடரிலும் கழற்றித்தான் வைத்திருந்தார்கள். தலைமையாசிரியர் கழற்றவில்லை. அவர் ஓட்டின ஒவ்வொரு கிலோமீட்டரும் அதில் அப்படியே இருந்தது.

"ஏழுமலை, மீட்டர் சரியா ஓடுது" என்றேன்.

"மீட்டர வச்சி இன்னா பண்றது? இன்ஜின் இருமுது."

"இருமல நீ சரி பண்ணிடுவ. மீட்டர் பொய் சொன்னா நான் கணக்குப் போட முடியாது."

ஒரே நாளில் இவ்வளவு பேசியது எனக்கே ஆச்சரியம். அவன் என்னைப் பார்த்தான். பிறகு வண்டியை ரோட்டை விட்டு இறக்கி, ஏரிக்கரை மண்பாதையில் விட்டான். குழி, மேடு, மாட்டுத் தடம். வண்டி குலுங்கியது, ஆனால் போகச் சொன்ன இடத்துக்குப் போனது. கையை ஸ்டியரிங்கிலிருந்து எடுத்துவிட்டுச் சிறிது தூரம் விட்டுப் பார்த்தான். நேராகப் போனது. அவன் முகம் கொஞ்சம் இளகியது.

மஞ்சள் பையை மணவாளனிடம் கொடுத்துவிட்டு, சாயங்காலம் திண்டிவனத்தில் அவன் வீட்டு வாசலில் பத்மினியை நிறுத்தினோம். அஞ்சலை வந்து ஒரு சுற்று சுற்றிப் பார்த்தாள். நிறத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. பின்சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. நாங்கள் இருவரும் அவ்வளவு நேரம் பார்த்த வண்டியில் பின்சீட்டில் உட்கார்ந்து பார்க்கவே இல்லை. வாடகை கொடுக்கிறவர் உட்காரப்போவது அங்கேதான்.

"முட்டி இடிக்கல" என்றாள். "இந்த சீட்டு கிழிசல நான் தைச்சிடறேன். கதவுக்கு ஒரு தாப்பா போட்டுடு. அப்புறம் இன்னா?"

இரண்டு வாரத்தில் இருமல் நின்றது. கதவுக்குத் தாழ்ப்பாள் வந்தது. சீட்டுக்குப் பச்சை ரெக்ஸின் வந்தது. மணவாளன் மட்டும் சில மாதங்கள் எனக்கு வேலை கொடுக்கவில்லை. பிறகு கொடுத்தார். வேறு ஆள் எழுதிய எட்டு ஒரு பக்கமாகச் சாய்கிறது என்று காரணம் சொன்னார்.

மெதுவா

பந்தயத்துக்கு முந்தின நாள் பாண்டிச்சேரிக்குப் போய்ப் பெயர் பதிந்தோம். எங்களுக்குப் பதினேழாம் எண் கொடுத்தார்கள். இரண்டு பக்கக் கதவிலும் எண் தெரிய வேண்டும் என்பது விதி.

எண் எழுதுவது என் தொழில். அதில் யாரும் எனக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. வெள்ளை எனாமலில் வட்டம், அதற்குள் கறுப்பில் பதினேழு, ஓரத்தில் சிவப்பு நிழல். ஒரு கோட்டிங் போதவில்லை என்று இரண்டாவது, மினுமினுப்புக்கு மூன்றாவது. காயட்டும் என்று விசிறி வைத்து வீசினேன்.

காலையில் பாண்டிச்சேரி கடற்கரையில் வண்டிகள் வரிசையாக நின்றன. எல்லோரும் வெள்ளைத் தாளில் எண் எழுதி ஒட்டியிருந்தார்கள். பந்தயம் முடிந்ததும் கிழித்துப் போட. எனக்கு அப்போதும் புரியவில்லை. நம்முடையதுதான் அழகாக இருக்கிறது என்று சந்தோஷப்பட்டுக்கொண்டேன்.

கொடி அசைந்தது. புறப்பட்டோம். என் மடியில் தாள், பலகை, பென்சில், ஏழுமலை மாமனார் கொடுத்த பெரிய வாட்ச்.

பத்து நிமிஷத்திலேயே ஒன்று தெரிந்தது. ஏழுமலை முன்னால் போய்க்கொண்டிருந்தான். டாக்சி ஓட்டுகிறவனுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஐந்து மணி ரயிலுக்கு நாலரைக்கே கொண்டுபோய் இறக்கிவிட வேண்டும். நேரத்துக்குப் போவது என்றாலே அவனுக்கு நேரத்துக்கு முன்னால் போவதுதான். கணக்குப்படி நாங்கள் மூன்று நிமிஷம் முந்தியிருந்தோம். அவனிடம் மெதுவாகப் போகச் சொல்ல வேண்டும். வண்டி ஓட்டுகிறவனை, அதுவும் ஏழுமலை மாதிரி ஓட்டுகிறவனை, மெதுவாகப் போ என்று சொல்வது எப்படி? நான் பென்சிலைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

கண்டமங்கலம் தாண்டி ஒரு வளைவில் திடீரென்று மேசை, குடை, தொப்பிக்காரர்கள். மூன்று நிமிஷம் முன்னால் வந்ததற்கு ஆறு புள்ளி போனது.

"இன்னாடா ஆச்சு?" என்றான் ஏழுமலை.

"மூணு நிமிஷம் முந்திட்டோம்."

"உனுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

அவன் திட்டுவான் என்று நினைத்தேன். வண்டியை ஓட்டிக்கொண்டே அமைதியாகச் சொன்னான்: "கோதண்டம், நான் ரோட்டப் பாத்துக்கினு இருக்கறேன். எனக்கு வேற எதுவும் தெரியாது. நீ வாய மூடிக்கினா நான் கண்ண மூடிக்கினு ஓட்ற மாதிரி."

அதற்குப் பிறகு பேசினேன். விழுப்புரம் தாண்டும்போது "மெதுவா" என்றேன். திருவாமாத்தூர் கோயில் பக்கம் "கொஞ்சம் ஏத்து" என்றேன். மண் ரோட்டில் எதிரே ஆட்டு மந்தை வந்து நாலு நிமிஷம் போனபோது, "நாலு நிமிஷம் கடன், திண்டிவனத்துக்குள்ள அடைச்சிடலாம், பதறாத" என்றேன். நான்தான் சொன்னேனா என்று இருந்தது. கடைசிப் பத்துக் கிலோமீட்டரில் அவனே கேட்க ஆரம்பித்துவிட்டான்: "சொல்றா, சொல்றா, கரெக்டா கீறோமா?"

"கரெக்டா கீறோம்."

கண்டமங்கலத்துக்குப் பிறகு வந்த எல்லா மேசையிலும் சேர்த்து எங்களுக்கு இரண்டு புள்ளிதான் போனது. முப்பது சொச்சம் வண்டியில் பன்னிரண்டாவது. கோப்பை இல்லை. முழுத் தூரமும் ஓடி முடித்ததற்கு ஒரு காகிதம் கொடுத்தார்கள். ஏழுமலை அதை வண்டி முன்கண்ணாடி ஓரத்தில் செருகிக்கொண்டான். ஊர் திரும்பும் வழியெல்லாம், "அந்த ஆறு மட்டும் போவாம இருந்திருந்தா" என்று சொல்லிக்கொண்டே வந்தான். அவன் குரலில் வருத்தம் இல்லை.

திங்கட்கிழமை

வீட்டு வாசலில் இறங்கிக் கதவைப் பார்த்தபோதுதான் எனக்குப் புரிந்தது. விடிந்தால் இந்த வண்டி வாடகைக்கு நிற்க வேண்டும். கதவில் தட்டு அளவுக்குப் பதினேழு.

டர்பன்டைன் டப்பாவை எடுத்து வந்து துணியை நனைத்துத் தேய்த்தேன். மூன்று கோட்டிங் எனாமல். என் எழுத்து அசையவில்லை. அதைச் சுற்றியிருந்த வண்டியின் பழைய பெயிண்ட்தான் துணியோடு வந்தது.

"சவாரி வண்டின்னு எவன் நம்புவான் இத?" என்றான் ஏழுமலை. பன்னிரண்டாவது வந்த சந்தோஷம் அவன் முகத்திலிருந்து போய்விட்டது. "சர்க்கஸ் வண்டின்னு நெனைப்பான்."

அஞ்சலை என் கையிலிருந்து துணியை வாங்கிக் கீழே போட்டாள். "வுடுண்ணே. இதுக்கு மேல தேச்சா தகரம் தெரியும். காலைல பாத்துக்கலாம்."

எனக்குத் தூக்கம் வரவில்லை. ஆறு மணிக்கு முன்னாலேயே ஸ்டாண்டுக்குப் போய் டீக்கடை ஓரமாக நின்றேன். மற்ற டிரைவர்கள் பத்மினியைச் சுற்றி நின்று கலாய்த்துக்கொண்டிருந்தார்கள்.

"யப்பா ஏழுமலை, மீதி பதினாறு வண்டியும் பின்னால வருதா?"

"டிக்கெட்டு எவ்ளோப்பா, சிங்கம் உள்ள இருக்குதா?"

ஏழுமலை கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான். ஆறரை ஆனது. ஒரு கல்யாணக் கோஷ்டி வந்தது. பத்மினியைப் பார்த்துவிட்டு அடுத்த அம்பாசிடரில் ஏறிக்கொண்டது. ஏழு மணி ஆனது. நான் இரண்டு டீ குடித்திருந்தேன், மூன்றாவதைச் சொன்னேன்.

ஒலக்கூர் பக்கத்திலிருந்து வந்த பஸ்ஸில் வயதான ஒரு தம்பதி இறங்கினார்கள். அந்த அம்மாவுக்கு ஒரு கண்ணில் பச்சைத் துணி. பாண்டிச்சேரி ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் போலிருந்தது. பெரியவர் நின்றிருந்த வண்டிகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தார். பத்மினியிடம் வந்ததும் நின்றார். குனிந்து கதவில் இருந்ததைப் படித்தார். நிமிர்ந்து ஏழுமலையை மேலும் கீழும் பார்த்தார்.

"இன்னாப்பா, பதினேழு வண்டி வுட்டுக்கினு இருக்கியா நீ?"

டிரைவர்கள் சிரிக்கத் தயாராக இருந்தார்கள். ஏழுமலை கையிலிருந்த துணியை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டான். ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். ஏதாவது ஜோக் அடித்திருக்கலாம், அவனுக்கு அது வரும்.

"இல்லிங்க பெரியவரே" என்றான். "இதாங்க என் மொதல் வண்டி. வாங்கி ரெண்டு வாரம்தான் ஆவுது."

பெரியவர் பின்கதவைத் தானே திறந்து, மனைவியின் கையைப் பிடித்தார்.

"மொதல் வண்டியா? அப்ப இவன் இடிக்க மாட்டான். நீ ஏறு புள்ள."